தாய்க்கும் ஒரு ஞாயிறு

'காசரோல்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் இல்லத்தரசிகளின் மனக்கண்முன் தோன்றுவது, இட்லியும் சப்பாத்தியும் சூடு ஆறாதபடி காக்கின்ற பிளாஸ்டிக் பெட்டியே. திருமணங்களிலும் புதுமனை புகுவிழாக்களிலும் அன்பளிப்பாக வந்து, வீட்டுக்கு மூன்று நான்கு எனச் சேர்ந்து, அலமாரியின் மேல்தட்டில் உறங்கும் பொருள் அது. ஆனால் பிரெஞ்சு மொழியிலிருந்து புறப்பட்ட அச்சொல் தொடக்கத்தில் சமைக்கும் பாத்திரத்தையே குறித்தது. பின்னர் ஆங்கிலேயர், கனமான பாத்திரம் ஒன்றில் தானியமும் காய்கறியும் இறைச்சியும் ஒன்றாகச் சேர்த்து, நாற்புறமும் அனல் சூழ மெல்ல வேகவைக்கும் உணவுக்கும் அதனையே பெயராக்கினர்.

பங்குக் குருவுக்கும் அடுப்படிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. ஞாயிறு காலைத் திருப்பலியில் இறுதிப் பாடல் தொடங்குமுன்னரே பக்கவாயில் வழியாக விரைந்து வெளியேறுவோர் யாவர் என்று நாம் கவனித்ததுண்டு. இளைஞர் சிலர் உண்டு; அவர்களைப் பற்றி இங்குப் பேச்சில்லை. பெரும்பாலோர் தாய்மார்களே. இறைச்சிக் கடையில் கூட்டம் சேருமுன் போய்ச் சேரவேண்டும்; மசாலை அரைக்கவேண்டும்; குழம்பு, வறுவல், ரசம், பொரியல் என்று நான்கு அடுப்பு வேலைகள் காத்திருக்கின்றன. வாரத்தின் ஆறு நாளும் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்தொடரில் நின்றபடியே சென்று திரும்புகிறவரும், 1984ஆம் ஆண்டு தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்சாலைகளில் முறைவேலை பார்க்கிறவரும் அவர்களுள் உளர். ஏழாம் நாளாகிய ஓய்வுநாள், கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வாகவும், தாய்க்கு மட்டும் இரட்டை வேலையாகவும் விடிகிறது.

இது நம் கற்பனையன்று. 2019ஆம் ஆண்டு நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடெங்கும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் ஈடுபடும் ஆண்களின் கணக்கே. நூறு ஆண்களில் எழுபத்துநால்வர் அவ்வேலையில் கைவைப்பதே இல்லை என்பது அதே கணக்கெடுப்பு தரும் செய்தி.

இனி, மூடிய பாத்திரத்தில் அனலிட்டுச் சமைக்கும் முறைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் காண்போம். அம்முறை உலகில் பல இடங்களில் பெண்களின் கைக்கு ஒருநாள் விடுதலை அளித்தது. விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரம் ஓய்வுநாளில் வீடுகளில் நெருப்பு மூட்டலாகாது எனக் கட்டளையிடுவதை வாசகர் அறிவர். ஆகவே யூதக் குடும்பத்தினர் வெள்ளியன்று கதிரவன் மறையுமுன்னரே பயறும் பார்லியும் இறைச்சியும் ஒரு சட்டியில் இட்டு மூடி, தணிந்த அனலுள்ள அடுப்பில் வைத்துவிடுவர். இரவு முழுதும் தானே வெந்த அவ்வுணவு, மறுநாள் தொழுகைக்கூடத்திலிருந்து திரும்பியதும் சுடச்சுடப் பரிமாறப்படும். 'சொலந்து' என்றும் 'ஹமீன்' என்றும் அதற்குப் பெயர். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன் சபையாரும் ஞாயிறன்று அடுப்பு மூட்டாதிருக்கும் பொருட்டுச் சனியன்றே அவரைப்பருப்புச் சட்டியை அடுப்பினுள் வைத்தனர். பாஸ்டன் நகரின் பெயரால் இன்று உலகறிந்த அவரை உணவு அவ்வழியே வந்தது.

இவை எல்லாவற்றினும் நம் உள்ளம் கவர்வது பிரான்சு நாட்டு அல்சாசுப் பகுதியின் பழைய வழக்கம். அங்கே முன்னாளில் திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாளாக இருந்தது. அந்நாளில் சமைக்க நேரமேது? ஊறவைத்த இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் மண்பாத்திரத்தில் அடுக்கி, மூடியின் விளிம்பை மாவினால் ஒட்டி, காலையில் பேக்கரியில் ஒப்படைத்துவிட்டுத் துறைக்குச் சென்றனர். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பில் எஞ்சியிருந்த சூட்டிலேயே அது வெந்துவிட்டது. அவ்வுணவின் பெயருக்கே 'ரொட்டி சுடுபவரின் அடுப்பு' என்பதுதான் பொருள்.

மாவினால் மூடியை ஒட்டுவது என்றதும், இது நாமறிந்த வேலையாயிற்றே என்று தாய்மார்கள் கூறுவர். ஆம், ஆம்பூர் பிரியாணிக்குத் தம் போடுவதும் அவ்வாறே. கீழ்நெருப்பைத் தணித்து, மூடியின்மேல் தணலைப் பரப்பி, உள்ளிருக்கும் ஆவியிலும் அனலிலும் அரிசி பக்குவப்படவிடுவது தம். மலபார் முசுலீம் இல்லங்களில் தோசை போன்ற தகடுகளுக்கு இடையிடையே பூரணம் வைத்துச் சட்டியில் சுடும் சட்டிப்பத்திரியும், கோவா கத்தோலிக்கர் ஏடு ஏடாக மேல்தணலில் சுட்டெடுக்கும் பெபிங்காவும் அதே குலம். இலங்கையில் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் பொதிந்து அடுப்பினுள் வைத்தெடுக்கும் லம்ப்ரைசைக் கொழும்பில் உறவினர் உள்ளவர்கள் சுவைத்திருப்பர். எனவே இம்முறை மேனாட்டுப் பகட்டு என்று ஒதுக்குவதற்கில்லை. மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் கைப்பக்குவம் இம்மண்ணுக்குப் பழக்கமானதே.

நம் தென்புற நகர்ப்பகுதியில் அதனை நெடுங்காலம் பேணியவர்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர். ஆங்கிலேயரின் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாய் விளங்கிய பரங்கிமலையிலும், அடுத்துள்ள பல்லாவரத்துப் பாளையத்திலும், பின்னர் இருப்புப்பாதை வழியே தாம்பரம் வரையிலும் அவர்கள் வாழ்ந்தனர். 1931ஆம் ஆண்டு கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்தொடர் ஓடத் தொடங்கிய காலத்தில், இரயில்வேப் பணியே அவர்களுள் பலரின் வாழ்வாதாரம். கொத்துக்கறியின்மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுடும் 'செப்பர்ட்ஸ் பை' அவர்கள் வீட்டு உணவு. ஆங்கிலேயரிடம் அது மிஞ்சிய இறைச்சியைத் தீர்க்கும் வழி. இவர்கள் கையிலோ இஞ்சியும் பச்சைமிளகாயும் கொத்துமல்லியும் சேர்ந்து வேறொரு பிறவி எடுத்தது. 1947க்குப் பின் அக்குடும்பங்களில் பெரும்பகுதியினர் ஆசுத்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் சென்றுவிட்டனர். எஞ்சியுள்ள பாட்டிமார்களிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய காலம் இதுவே. அவர்களுள் ஒருவர் நம்மிடம் கூறினார்: "ஃபாதர், அடுப்புக்குள் வைத்துவிட்டால் அதை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருப்பதுதான் பாதிச் சமையல்."

பரங்கிமலை என்றதும் பரங்கிக்காயும் நினைவுக்கு வருகிறது. மலைக்கும் காய்க்கும் பெயர் தந்தவர்கள் கடல்கடந்து வந்த அந்தப் பரங்கியரே. பரங்கிக்காய், மரவள்ளி, உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை. நம் பாரம்பரியக் காய்கறி என்று பெருமை பேசுவோர் இதனையும் நினைவிற்கொள்வது நன்று. நெடுங்காலம் நம் தோட்டத்தில் வேரூன்றியதை அந்நியம் என்று சொல்வதும் பொருந்தாது.

அனலில் சுடுவதால் உணவுக்கு என்ன ஆகிறது? திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும், அதற்குமேல் சூடேறாது. அடுப்புப் பெட்டிக்குள்ளோ காற்றின் வெப்பம் 180 பாகை. உட்புறம் ஈரம் உள்ளவரை உணவு நூறு பாகையை ஒட்டியே மெல்ல வேகும். ஈரம் வற்றிய மேற்பரப்பு மட்டும் அதனைத் தாண்டிப் பொன்னிறமாகும். முறுகலின் மணமும் சுவையும் அங்குதான் பிறக்கின்றன. சர்க்கரைப் பொருளும் புரதத்தின் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் கலந்து விளைவிக்கும் இம்மாற்றத்தை 1912ஆம் ஆண்டு மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டார். எண்ணெயில் பொரிக்காமலே பொரித்த பண்டத்தின் இன்பத்தில் பெரும்பங்கு கிடைப்பதன் இரகசியம் இதுவே. அனல் நாற்புறமும் சமமாகத் தாக்குவதால் அடிப்பிடிக்கும் அச்சம் குறைவு, கிண்டவேண்டியதில்லை, அருகில் நிற்கவேண்டியதும் இல்லை. தாய்மார்களுக்கு இக்கடைசிச் செய்தியே முதற்செய்தி.

"எங்கள் வீட்டில் அடுப்புப் பெட்டி இல்லையே, சுவாமி" என்பர் பலர். மின்சார அடுப்புப் பெட்டி இருப்பின் நன்று; 1,500 வாட்டுத் திறனுள்ளது ஒரு மணி நேரம் எரிந்தாலும் ஒன்றரை யூனிட்டுக்கு மேற்போகாது. இல்லாதவர்கள் அடிகனமான பழைய இரும்பு அல்லது அலுமினியப் பாத்திரம் ஒன்றை இதற்கென ஒதுக்கட்டும். வெள்ளிதோறும் கூடும் பல்லாவரம் சந்தையில் இத்தகைய பழம்பாத்திரங்களைத் தேடிப்பார்க்கலாம். அடியில் இரு விரற்கடை உயரம் சுத்தமான மணலோ கல்லுப்போ பரப்பி, அதன்மேல் இரும்புப் பிரிமணை ஒன்றை வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்றவேண்டும். பின்னர் உணவு வைத்த சட்டியைப் பிரிமணைமேல் இறக்கி, மீண்டும் மூடி, தீயைத் தணித்துவிட வேண்டும். பிரஷர் குக்கரை இவ்வாறு பயன்படுத்துவோர் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுக. நாள்தோறும் சமைக்கும் குக்கரை இதற்கு எடுக்கவேண்டா. நீரின்றிச் சூடேறினால் அதன் அடி கெடும். மேல்தணல் வேண்டுவோர் குமுட்டி அடுப்பைத் திறந்த வெளியில் மட்டுமே மூட்டுக. சன்னல் சாத்திய அடுக்குமாடி வீட்டுக்குள் கரி எரிப்பது உயிருக்கே இறுதியாகும். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

இனி, ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு பண்டத்தை விரிவாகச் சொல்வோம். சாமை கால் கிலோ, வாசம் வர வறுத்த பாசிப்பருப்பு நூறு கிராம். இவற்றைக் கழுவி அரைமணி ஊறவிடுக. ஒரு தேங்காயைத் துருவி, கைப்பிடி துருவலை எடுத்துவைத்துவிட்டு, முதற்பால் ஒரு தம்ளர் தனியாகப் பிழிந்துகொள்க. இரண்டாம் மூன்றாம் பாலுடன் நீர் சேர்த்து ஒரு லிட்டராக்குக. நல்லெண்ணெய் இரண்டு கரண்டியில் கறிவேப்பிலை, நறுக்கிய இஞ்சி, பதினைந்து சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் இரண்டு, ஒன்றிரண்டாக இடித்த மிளகு சீரகம் ஆகியவற்றை வதக்கி, கால் கிலோவுக்குச் சற்று மிகுதியான பரங்கிக்காய்த் துண்டுகளையும் மஞ்சளையும் உப்பையும் சேர்த்து, பால்நீரை ஊற்றிக் கொதி வந்ததும் சாமையையும் பருப்பையும் போடுக. பத்து நிமிடம் கொதித்தால் போதும்.

அலமாரி மேல்தட்டில் உறங்கும் அந்தப் பிளாஸ்டிக் காசரோலை இப்போது எழுப்புக. வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய அதன் உட்பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க இக்கலவையை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, அடுப்பை அணைத்துவிட்டு, குடும்பத்தோடு திருப்பலிக்குச் செல்லுங்கள். சூடு வெளியேறாத பெட்டிக்குள் தானியம் தானே வெந்து மலர்ந்துவிடும். உலகப்போர்க் காலங்களில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது இங்கிலாந்தில் வைக்கோல் திணித்த மரப்பெட்டியால் இதனையே செய்தனர். ஆளில்லா வீட்டில் தீ எரியவேண்டியதில்லை என்பது இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் இறைச்சிக்கும் மீனுக்கும் இவ்வழி ஆகாது. வெதுவெதுப்பில் அவை கெட்டு நஞ்சாகலாம்.

ஆலயத்திலிருந்து திரும்பியதும், தீயில் வாட்டிய வாழையிலையை ஒரு சட்டியினுள் விரித்து, வெந்த கலவையில் இரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கலந்து பரப்பி, மேலே முதற்பாலை ஊற்றுக. வறுத்துக் கொரகொரப்பாய்ப் பொடித்த வேர்க்கடலையையும் தேங்காய்த் துருவலையும் ஒரு கரண்டி நெய்யோடு பிசறித் தூவி, 180 பாகையில் இருபத்தைந்து நிமிடம் வைத்தால், மேலே பொன்னிற மொறுமொறுப்பும் உள்ளே குழைவுமாக எழும். மணல் பாத்திரமாயின் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடும். நிறம் வெளிறியிருந்தாலும் சுவைக்குக் குறைவில்லை. மைதாவும் பாலாடைக்கட்டியும் இன்றியே கூட்டுக்குக் கெட்டித்தன்மை வருவதைக் காண்பீர்கள். அவ்வேலையைப் பாசிப்பருப்பு செய்துவிடுகிறது. தவக்காலத்து வெள்ளிக்கும் இதுவே ஏற்றது.

அந்த இருபத்தைந்து நிமிடம் யாருக்கும் அடுப்படியில் வேலையில்லை. நாற்காலி எடுத்துப் போடுவதும் தட்டுக் கழுவுவதும் பிள்ளைகளுக்கு. கீரை ஆய்வதும் தேங்காய் துருவுவதும் முன்னரே குடும்பத் தலைவருக்கு. தேங்காய் துருவத் தெரியாத ஆண்மகனை நாம் இதுவரை கண்டதில்லை. தெரியாதவர் போல் இருப்பவரைக் கண்டதுண்டு.

சிறுதானியம் பற்றி ஒரு சொல். அரிசி மலிந்தபின் நம் அடுக்களையை விட்டு நீங்கிய சாமையும் தினையும் வரகும், ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் கடைகளில் பெருமையோடு திரும்பியுள்ளன. விலையும் பெருமைக்கேற்ப உயர்ந்துள்ளது. இவை நார்ச்சத்து மிக்கவை என்பது மெய். கேழ்வரகு நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து அளவே. ஆனால் சர்க்கரை நோயையே போக்கும் என்று விளம்பரம் செய்வோரை நம்பவேண்டா. இவையும் மாவுப்பொருளே, அளவோடு உண்ணவேண்டியவையே. வசதியற்றோர் புழுங்கலரிசியில் இப்பண்டத்தைச் செய்தாலும் குறையொன்றுமில்லை.

புலால் விரும்புவோர்க்குப் பரங்கிமலைப் பாட்டிமாரின் வழி இருக்கிறது. கொத்துக்கறியைச் சனி மாலையே சமைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்கு கொதிக்கவைத்துச் சட்டியின் அடியில் பரப்புக. உருளைக்கிழங்குக்கு மாற்றாக மரவள்ளியை மசித்து மேலே மூடிச் சுட்டால் அருமையாக இருக்கும். மரவள்ளியைத் தோல் சீவித் துண்டாக்கி, மூடாமல் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுவது இன்றியமையாதது. அதிலுள்ள நச்சுப்பொருள் நீரோடு நீங்கும். மீனுக்கும் இவ்வாறே. புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பை அலுமினியப் பாத்திரத்திலும் அலுமினியத் தாளிலும் வைக்கலாகாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். மண்சட்டியும் வாழையிலையும் இருக்க அத்தாள் எதற்கு?

சாமைப் பண்டம் மீந்தால் ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுக. திங்கள் காலை அது கத்தியால் வில்லை வில்லையாக வெட்டும்படி இறுகியிருக்கும். தோசைக்கல்லில் இரு சொட்டு எண்ணெய் விட்டு இருபுறமும் நன்கு சூடேறத் திருப்பியெடுத்து, எலுமிச்சை ஊறுகாயோடு டப்பாவில் அடைத்தால், ஏழரை மணித் தொடருக்கு ஓடுகிறவருக்கும் மதிய உணவு ஆயிற்று. அன்றைக்கும் ஐந்து மணிக்கு எழவேண்டியதில்லை.